அளந்த தண்ணீரில் ஒரு தோட்டம்

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் நான் செய்கிற முதல் வேலை, அரை லிட்டர் தண்ணீரை அளந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி வைப்பது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு முழுவதும் அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவது, காப்பி கலப்பது, தொண்டை காய்ந்தால் நனைத்துக்கொள்வது எல்லாமே அதற்குள். இரண்டு கிட்னியும் போய்விட்ட மனிதருக்கு உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிள்ளானில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுக்கவைத்து எடுத்தால்தான் உண்டு.

போத்தலை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், அதே மனிதர் கையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். அதற்கு அளவு கிடையாது. அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு செடியைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு, பாடம் ஏறாமல் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். டாக்டர் சொல்வதில் பாதிதான் எனக்குப் புரியும். புரியாத பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பெரிதாக்கிக்கொள்வேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் கணக்கு நேரானது. மகள் ஜூன் மாதம் ஸ்காட்லாந்திலிருந்து வருவதாக டிக்கெட் போட்டிருந்தாள். அவள் வரும்வரை இவர் உயிரோடு இருக்க வேண்டும். இப்போது இருக்கிற மாதிரியே, கேலியும் கிண்டலுமாக, இவராகவே இருக்க வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எங்களுடையது பண்டமாரானில் வரிசை வீடுகளில் கடைசி வீடு. பக்கத்தில் சாக்கடை லோங்காங்கை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கடலோர மண், சாம்பல் நிறக் களி. மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் பாசாரில் ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டிகளைப் பொறுக்கிவந்து, அடியில் துளை போட்டு, செம்மண்ணும் கோழி எருவும் தேங்காய் நாரும் நிரப்பி, செங்கல் மேல் வரிசையாக வைத்திருந்தார். களியிலேயே வேர்விட்டு வளர்ந்தது ஒன்றே ஒன்று. பிளிம்பிங் மரம். அறுத்தால் நட்சத்திரம் மாதிரி விழுமே, அந்தப் பழம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது வைத்தது.

நமக்கு இங்கே வசந்தம் கிசந்தம் என்று ஒன்றும் இல்லை. வருஷக் கடைசி மழை ஓய வேண்டும். தைப்பூசம் முடிந்து, சீனப் பெருநாள் வெடிச் சத்தமும் அடங்கியதும் அவர் விதைப் பொட்டலங்களை வெளியே எடுப்பார். வெண்டை விதையை முதல் நாளே ஊறப்போடுவார். கீரை விதையை மணலோடு கலந்து தூவுவார், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்துவிடும். பயத்தங்காய்க்குக் கயிறு கட்டுவார். அப்புறம் வெயிலோடு சண்டை. கறுப்பு வலையை இழுத்துக் கட்டி நிழல் கொடுக்கவில்லை என்றால், காலையில் தலைகாட்டியது சாயங்காலம் சுருண்டு கிடக்கும்.

இதில் எதையும் அவர் இஷ்டத்துக்குச் சாப்பிட முடியாது, எல்லாவற்றிலும் பொட்டாசியம். கீரையை வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டி, திரும்பவும் வேகவைத்து, சக்கையாக்கி ஒரு கரண்டி வைப்பேன்.

"நான் விவசாயம் பண்றேன், அக்கம்பக்கம் ருசி பார்க்குது," என்பார். "நல்ல முதலாளிடா நான்."

டயாலிசிஸ் எடுக்கும் இடத்தில் போனவுடன் தராசில் ஏற்றுவார்கள். அந்தத் தராசு பொய் சொல்லாது. அங்கே நர்ஸ் வேலை பார்க்கும் மிஸ்ஸி ஒரு தமிழ்ப் பெண், மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், மூணு கிலோ ஏறிருக்கு லா. தோட்டத்துக்கு ஊத்துறீங்களா, தொண்டைக்கு ஊத்துறீங்களா?"

"பைப்பு ஒண்ணுதானே மிஸ்ஸி. எங்க போகுதுன்னு அதுக்குத் தெரியுமா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் கண்ணைத் திறக்காமலே, "அண்ணே, என் பங்குக்கும் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தராசுக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வாழைப்பழம், இளநீர், டுரியான் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. பிளிம்பிங் பழத்துக்குக் கோடு இல்லை, மண்டை ஓடு.

"மத்ததெல்லாம் கூடிப் போனாத்தான் கெடுதல்," என்றாள் மிஸ்ஸி. "இது ஒரு துண்டுகூட வேணாம். கிட்னி இல்லாதவங்களுக்கு இது நேரா மூளைக்குப் போகும். வீட்டுல மரம் இருக்கா?"

"இருக்கு," என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

வீடு திரும்பும் வழியில் மரத்தை வெட்டிவிடலாம் என்றேன்.

"உனக்குக் கிறுக்கா? அது கடையில விக்கிற பழத்துக்குப் போட்டது. மருந்து அடிச்சு, ஊசி போட்டுப் பழுக்க வைக்கிறானுங்க. நம்ம மரத்துக்கு நான் ஒரு பிடி உரம் போட்டிருப்பேனா?"

"அந்தப் படத்துல கடைப் பழம்னா எழுதிருக்கு?"

"வீட்டுப் பழம்னும் எழுதலையே."

"வெட்டலாங்க."

"நம்ம கையால வச்சது நம்மளையே கொல்லுமா, ஏம்மா? அது நாய்க்குட்டிய விட விசுவாசமான மரம். சரி, தொடமாட்டேன், போதுமா? பாப்பா மேல சத்தியம்."

பெற்ற மகள் மேல் சத்தியம் செய்த பிறகு நான் என்ன பேசுவது? உதிர்ந்த பழங்களைத் தினமும் கூட்டி அள்ளினேன். காய்த்ததைப் பறித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். ரப்பர் குழாயையும் நானே வாங்கிக்கொண்டேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டுவார். "இலைய ஏன் குளிப்பாட்டுற? அதுக்கென்ன கல்யாணமா? வேருக்கு விடு." எடை இறங்கியது. மிஸ்ஸி பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்ச நாள் நானும் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கைப்பேசியில் முகம் காட்டுவாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வாடகை வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொல்லை. போன வருஷம் அப்பாவிடம் யோசனை கேட்டாள். இவர் யோசிக்கவே இல்லை. "சீனப் பெருநாள் முடிஞ்சிருச்சில்ல? போடு விதைய," என்றார்.

"ப்பா, மண்ணு குளிர்ல உறைஞ்சு கல்லு மாதிரி இருக்கு. கரண்டி வளைஞ்சிருச்சு."

"சுடுதண்ணி ஊத்தித் தோண்டு."

அவளும் ஊற்றித் தோண்டியிருக்கிறாள். வெந்தயமும் கொத்தமல்லியும் ஒன்றுகூட முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டன. சீனப் பெருநாள் பார்த்து ஸ்காட்லாந்தில் விதைத்த ஆள் உலகத்திலேயே எங்கள் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் அன்றைக்கு வெட்கப்பட்டுப்போய்ப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் அப்படி இல்லை. அவர் பல வருஷம் கேமரன் மலையிலிருந்து கிள்ளானுக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். அந்த ஞாபகத்தைத் தோண்டி எடுத்தார். மலையில் விடியற்காலையில் மண்ணில் கை வைத்தால் விரல் மரத்துவிடும், அங்கே நாற்றைப் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் வளர்த்து, மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்கித்தான் நடுவார்கள் என்று சொன்னார். மலையை இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு அளந்து பார்த்தார்.

"இங்க நான் வெயில் படாம மூடுறேன். மலையில மழை படாம மூடுறாங்க. நீ குளிர் படாம மூடணும். மூடுறது ஒண்ணுதாம்மா, எதுக்கு மூடுறோம்னுதான் தெரிஞ்சிக்கணும்."

"சரிப்பா. இங்க எல்லாரும் பட்டாணிய உள்ளயே முளைக்க வைக்கிறாங்க. டாய்லெட் பேப்பர் சுத்திருக்கிற அட்டைக் குழாய் இருக்குல்ல, அதுல மண்ணு போட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன்."

"எதுல?"

"டாய்லெட் பேப்பர்ப்பா."

"கேட்டியா?" என்று என்னைப் பார்த்தார். "நம்ம பேரப் புள்ளைங்க கக்கூஸ்ல முளைக்குது."

அவள் கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஒன்றும் இல்லை, சாம்பல் வெளிச்சம்தான். உள்ளே அந்த அட்டைக் குழாய்களில் பச்சையாக நூல் நூலாக நின்றன. முட்டை வைக்கும் அட்டையில் உருளைக்கிழங்கை முளைவிட வைத்திருந்தாள். பகலில் வெளியே வை, இருட்டுவதற்குள் உள்ளே எடு, அப்படியே ஒரு வாரம் பழக்கிவிட்டுத் தரையில் இறக்கு, இறக்கிய பிறகும் ராத்திரி மூடு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கேமரனில் ஸ்ட்ராபெரித் தொட்டி வாங்கி வந்து கிள்ளானில் சாகடிக்காத வீடு உண்டா, ஊர் மாறும்போது எதற்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்றார்.

நான் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், "இப்பவே வந்துட்டுப் போயேன்," என்றேன். அவருக்குப் பாம்புக் காது.

"வேணாம்! நட்டுட்டு வரட்டும். காய்க்கிறப்போ பறிச்சிக்கிட்டு வா பாப்பா. பட்டாணில பொட்டாசியம் இருந்தா இருந்துட்டுப் போகுது, ஒரு காய் பாப்பேன்."

மார்ச் மாதம் வெயில் ஏறியது. அதோடு தண்ணீர்த் தடை அறிவிப்பும் வந்தது. எங்கோ பெரிய குழாயில் வேலை, கிள்ளான் முழுக்க சில நாள் தண்ணீர் வராது. நான் வாளி, அண்டா, சோற்றுப் பானை, குப்பைக்கென்று வாங்கிய புது டிரம் என்று இருப்பதில் எல்லாம் பிடித்து வைத்தேன். அப்படியும் போதாது என்று பயம். தடை சொன்ன நாளையும் தாண்டும் என்று எனக்குத் தெரியும், எப்போதும் தாண்டும். செடிக்கு ஒரு சொட்டு இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"பயத்தங்காய் இப்பத்தான் கொடி எடுக்குது," என்றார்.

"எடுக்கட்டும். சோறு வடிக்கத் தண்ணி வேணும்."

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். கறுப்பு வலையை இன்னும் ஒரு மடிப்பு போட்டு இறக்கிக் கட்டினார். அரிசி கழுவிய தண்ணீரையாவது கொடு என்றார், கொடுத்தேன். மற்ற வீடுகளில் எல்லாம் தொட்டிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. எங்கள் பயத்தங்காய் மட்டும் நிமிர்ந்தே நின்றது. வலையின் நிழல்தான் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு விக்கல் பிடித்தது. முதலில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மதில் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு ஆன்டி, "என்னண்ணே, ஒரு மடக்குத் தண்ணி குடிங்க, நின்னுரும்," என்று குரல் கொடுத்தாள். இவர் போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். காலி. இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை.

"அதுக்குள்ளயா குடிச்சீங்க?" என்றேன்.

"வெயிலு," என்றார். விக்கினார்.

மகள் அழைத்தாள். அவள் வீட்டில் இன்னும் விடிந்திருக்கவில்லை, அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லையாம். அன்றைக்குத்தான் பட்டாணியைத் தரையில் இறக்கப் போகிறாள். இவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விக்கல் போட்டுப் பேசினார்.

"நான்தான்பா நெனச்சேன்," என்று அவள் சிரித்தாள். "ராத்திரியெல்லாம் உங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப நினைக்கிறத நிறுத்து பாப்பா, நெஞ்சு வலிக்குது." விக்கல். "மூடி வை, மறந்துராத."

அது நிற்கவே இல்லை. சாப்பிடும்போதும் இருந்தது, படுத்தபோதும் இருந்தது. மறுநாள் டயாலிசிஸுக்குப் போனோம். தராசில் ஏறியபோது எடை ஏறவே இல்லை. நான் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தேன், பெருவிரலைத் தூக்குவாள் என்று. அவள் தராசைப் பார்க்கவில்லை. விக்கலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எப்போலேர்ந்து அங்கிள் இப்படி?"

"நேத்து."

"பிளிம்பிங் சாப்பிட்டீங்களா?"

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். "தாகத்துக்கு," என்றார். "தண்ணி இல்லையே அது. எடைகூட ஏறல, பாரு."

பக்கத்துப் படுக்கைக்காரர் அன்றைக்குக் கண்ணைத் திறந்து பார்த்தார். மிஸ்ஸி ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் என்னிடம் லோரிச் சாவியைக் கேட்டார். லோரியை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது வலிப்பு வந்தது. அப்புறம் என்னை வெளியே நிற்கவைத்துவிட்டார்கள்.

அவருக்குத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. பக்கத்து நிலத்தில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் போனது. பயத்தங்காய்ப் பெட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன். வெளியே தூசியாக இருந்தாலும் வேரடியில் ஈரம். இன்னொரு காலி போத்தல் செங்கலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடியில் ஆணியால் துளைகள் போட்டு, பூவாளி மாதிரி செய்திருந்தார். நான் அளந்து மேசையில் வைத்ததை இதில் மாற்றி வேருக்கு விட்டிருக்கிறார். பிளிம்பிங் மரத்தடியில், நான் கூட்டாத மூலையில், பழத்தின் ஓரங்களை நீளநீளமாகச் சீவி ஒதுக்கியது கறுத்துக் கிடந்தது. பழத்தின் ஓரம் அவருக்குப் பல்லில் கூசும். சுத்தமாக, ஒழுங்காக, பொறுமையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

அன்றைக்கே மரத்தை வெட்டச் சொன்னேன். வெட்ட வந்தவன், "பூவும் பிஞ்சுமா இருக்கே ஆன்டி, சாயாங் லா, வெட்ட மனசு வரல," என்றான். வெட்டு என்றேன்.

அவரைத் தொடர்ந்து இயந்திரத்தில் போட்டு விஷத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. டாக்டர் ஒரு பெண். மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் சொன்னாள். மூளையில் போனது சில திரும்பலாம், சில திரும்பாமலும் இருக்கலாம், எது என்று இப்போது சொல்ல முடியாது. இந்தத் தடவை எனக்கு முழுவதும் புரிந்தது.

மகள் விடுப்பு வாங்கி, ஜூன் டிக்கெட்டை மாற்றி வந்துசேர்வதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் இறங்கியவர் மரம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போனார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோபமாக ஏதாவது கேட்பார் என்று நான் பதில் எல்லாம் தயார் செய்துவைத்திருந்தேன்.

மறுநாள் நண்பகல். நல்ல வெயில், தார் ரோடு இளகும் வெயில். படுக்கையில் அவர் இல்லை, படுக்கை விரிப்பும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் பக்கத்து நிலத்தில் குனிந்து நின்றுகொண்டிருக்கிறார். விரிப்பைக் கீரைப் பெட்டிகள் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"என்னங்க இது?"

"ஐஸ் விழும். ராத்திரி எல்லாம் கருகிடும்."

"இது கிள்ளானுங்க."

"சத்தம் போடாத. மூடு."

மூடினேன். வேறு என்ன செய்ய?

மகள் அடுத்த நாள் காலையில் விமான நிலையத்திலிருந்து வந்தாள். தடித்த குளிர்ச் சட்டையைக் கையில் மடித்துப் போட்டிருந்தாள். கதவருகில் நின்றே, "ப்பா," என்றாள். அவர் நாற்காலியிலிருந்து மரியாதையாக எழுந்தார். என் பக்கம் குனிந்து, "யாரு இவங்க?" என்று கேட்டார்.

"ஸ்காட்லாந்துலேர்ந்து வந்திருக்காங்க," என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது அவளுக்காக வந்தது அல்ல. "அப்படியா? உங்க ஊர்ல பனி விட்டுருச்சா?"

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "இன்னும் விடலப்பா."

"பட்டாணி?"

"நட்டுட்டேன். மேல துணி போட்டு மூடிருக்கேன்."

"நல்லது," என்று தலையாட்டினார். "அவசரப்பட்டு எடுத்துறாதீங்க. எங்க மகளும் அங்கதான் இருக்கா. அவளுக்கும் சொல்லுங்க."

அவள் வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கீரை அப்படியே நின்றது, ஒரு இலைகூடச் சுருளவில்லை. சுற்றிலும் மூடாமல் விட்டதெல்லாம் காய்ந்து கிடந்தது. அவள் செங்கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை.

விடுப்பு முடியும்வரை இருந்தாள். அப்பாவுக்கு அவள் கடைசிவரை அந்தக் குளிர் ஊர்க்காரப் பெண்தான். நல்ல பெண், தோட்ட வேலை தெரிந்த பெண், உட்காரச் சொல்லு, காப்பி கொடு என்பார். போன பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறாள். பட்டாணி பூத்திருக்கிறது, வெள்ளைப் பூ. அவர் கைப்பேசியை வாங்கி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "யாரு வீட்டுத் தோட்டம்?" என்கிறார்.

நான் இன்னும் காலையில் அரை லிட்டர் அளந்துதான் வைக்கிறேன். ரப்பர் குழாயைக்கூட அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்று வாயைப் பார்க்கிற வேலை இப்போது இல்லை. சாயங்காலம் போத்தலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அவருக்குத் தாகம் எடுப்பதில்லை.